சரக்குப் பார்ப்பது சாப்பாடாகாது

1953 ஜனவரி 19, திங்கள்

இன்றும் வயிறு. காலை ஜெபத்தில் அய்யாத்துரை மாமா "எங்கள் குறைகளை" என்று ஆரம்பித்த இடத்தில் அது தன் குறையைச் சொன்னது. தாழ்ந்த சுருதியில் தொடங்கி, நடுவில் ஒரு திருகல், கடைசியில் ராயபுரம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்குப் பெட்டி கோக்கும் சத்தம். மாமா கண்ணைத் திறக்காமலே, "ஏலே தேவப்பிரியம், வெளிய போய்ட்டு வாலே" என்றார். வெளியே போவதில் பயனில்லை என்று பலமுறை விளக்கிவிட்டேன். வயிறும் கூடவே வருகிறது.

வயது இருபத்திரண்டு. இன்டர்மீடியட் தேறியவன். உப்புசம், புளித்த ஏப்பம், அடிவயிற்றில் இறுக்கம். மாமாவின் பருப்பு மண்டியில் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது மாமாவின் முடிவு.

ஜனவரி 22, வியாழன்

டாக்டரிடம் போனேன். தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், கொஞ்சம் ரசித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில் இட்லி, மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரி கஞ்சி."

"நடுவில் ஏதாவது?"

"ஒன்றும் இல்லை."

ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார்.

அங்கிருந்து நேரே மண்டிக்கு. வேகனில் துவரம்பருப்பு வந்திருந்தது. மூட்டை மூட்டையாகக் குத்தூசி செருகி, உருவிய பருப்பை மென்று பார்த்தேன். பல்லில் டக்கென்று உடைந்தால் நன்கு காய்ந்தது, நசுங்கினால் ஈரம். பிறகு கடலைப்பருப்பு. பிறகு மிளகாய் வத்தல், புளி. துப்பக் கூடாது. கொண்டு வந்தவன் முன்னால் துப்பினால் அவன் சரக்கை அவமதித்ததாகும். விழுங்குவதுதான் மார்க்கெட் மரியாதை. இந்தத் தெருவிலேயே என் நாக்குக்குத்தான் மதிப்பு என்கிறார்கள்.

எடை போடும் ரஷீது கேட்டான்: "இன்னா மாமு, வவுத்துல கப்பல் கட்டிகினு கீறியா?"

ஜனவரி 30, வெள்ளி

சுகிர்தம் அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ரஷீது ஓதிய தண்ணீர் கொண்டு வந்தான். போதகர் தலையில் கை வைத்தார். டாக்டரின் மருந்து வேறு. எதையும் மறுக்கவில்லை. எல்லாம் உள்ளே போய் ஒரு மாநாடு நடத்துகின்றன.

"பயப்படாதே," என்றான் ரஷீது. "மூலக்கொத்தளம் சுடுகாடு கிட்டக்கதான் கீது."

பிப்ரவரி 7, சனி

திருவொற்றியூரில் பெண் பார்த்தோம். ஞானதுரை முதலாளியின் ஒரே மகள், ஞானசெல்வி. அவருக்கும் பருப்பு வியாபாரம்தான்.

அவளைக் கன்வென்ஷன் பந்தலில் முன்பே பார்த்திருக்கிறேன். நீண்ட பிரசங்கத்தின் நடுவே எல்லோரும் உருக்கமாக இருக்க, அவள் மட்டும் கொட்டாவியை மென்று விழுங்கினாள். அன்றே முடிவு செய்துவிட்டேன். இதை மாமாவிடம் காரணமாகச் சொல்ல முடியாது.

முதலில் மௌன ஜெபம். என் வயிறு கூட்ஸ் வண்டியை விட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கூட்ஸ் வண்டி பதில் சொன்னது.

ஞானதுரை கண் திறந்தார். "புது வீடு. சாமான் குறைவு, அதான் எதிரொலி" என்றார்.

கிளம்பும்போது மாமாவிடம் தணிவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி: "பையன் நல்ல பையன். வயிறுதான் யோசிக்க வைக்குது. ஈஸ்டருக்குள்ள சரி பண்ணிக் கூட்டிட்டு வாரும். இல்லன்னா எண்ணூர்ல ஒரு பையன் இருக்கான்."

எண்ணூர்ப் பையனுக்கு வயிறே இல்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அத்தையின் சுக்குக் கஷாயம். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் பலன் என்றாள். குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

மாமா என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது. "வயிறு போனாப் போவுதுலே. நாக்கு!" மண்டியில் என்னைச் சிட்டை எழுத உட்கார வைத்தார்.

மார்ச் 4, புதன்

வயிறு பேசவில்லை. பிழைப்பேனா?

மார்ச் 6, வெள்ளி

இன்றும் மௌனம். நன்றாகப் பசிக்கிறது. இப்படி ஒரு உணர்ச்சி இருப்பதை மறந்திருந்தேன்.

கஷாயம்தான் என்கிறாள் அத்தை. டாக்டர் ரோஸ் மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பெருமையாகப் பார்த்தார். போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். "நம்ம தண்ணிதான் வேலை செஞ்சுது, தோஸ்து" என்கிறான் ரஷீது. நால்வருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன். மாமா திருவொற்றியூருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

நாக்கு ஆறிவிட்டது. மாமா ஸ்தோத்திரம் சொன்னார். குத்தூசியைக் கையில் கொடுத்தார். வழக்கம்போல மென்றேன், விழுங்கினேன்.

சாயங்காலம் கூட்ஸ் வண்டி.

சாக்கின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். கஷாயத்தை நிறுத்தவில்லை. மருந்தை நிறுத்தவில்லை. ஓதிய தண்ணீரும் ஜெபமும் அப்படியே. மாறியது ஒன்றுதான். பச்சைப் பருப்பு, பச்சைக் கடலை, வத்தல், புளி, தினமும் ஒரு படி இருக்குமா? கோழிக்குப் போட்டால்கூட அது நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்.

டாக்டரிடம் "நடுவில் ஒன்றும் இல்லை" என்றேனே! பொய் சொன்னதாக இப்போதும் தோன்றவில்லை. அது சாப்பாடு என்று யார் நினைத்தார்கள்?

மார்ச் 17, செவ்வாய்

மாமாவிடம் சொன்னேன்.

"அது சாப்பாடாலே? சரக்குப் பாக்குறது."

"வயிற்றுக்குத்தானே மாமா போகுது?"

"போனா? வியாபாரத்துக்காகப் போவுது. நீ சாப்பிடணும்னு நெனச்சு முழுங்குனியா?"

"இல்லை."

"பெறவு எப்பிடிச் சாப்பாடாகும்?"

தத்துவத்தில் இதற்குப் பதில் இருக்கலாம். இன்டர்மீடியட்டில் வைக்கவில்லை.

மார்ச் 21, சனி

பஸ் பிடித்துத் தனியாகத் திருவொற்றியூர் போனேன். இனி சரக்கு மெல்லமாட்டேன், வயிறு சரியாகிவிடும், பெண்ணைக் கொடுங்கள் என்று ஞானதுரையிடம் நேராகச் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "மெல்லமாட்டீரா? ஒம்ம நாக்குக்காகத்தானவே இந்தச் சம்பந்தத்தையே பேசினேன்!"

மென்றால் வயிறு பேசும், பெண் இல்லை. மெல்லாவிட்டால் நாக்கு வீண். அப்போதும் பெண் இல்லை. இதை அவரிடம் விளக்கினேன். எந்தச் சிக்கலும் அவருக்குத் தெரியவில்லை. "எதுக்கும் இந்த வத்தலைக் கொஞ்சம் பாரும்" என்று எடுத்துவரக் கடைப்பக்கம் போனார்.

அப்போது ஞானசெல்வி காப்பியோடு வந்தாள்.

"அன்னைக்கி எதிரொலி நாந்தான்" என்றாள்.

நான் காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"மூட்டையில எடுத்ததை அப்பா வீட்டுக்குக் கொடுத்து விடுவாவ. சின்னதுலேருந்து நாந்தான் கடிச்சுப் பாத்துச் சொல்லுதேன். என்னைக் கட்டிக் கொடுத்துட்டா நாக்குக்கு ஆள் வேணும்லா? அதுக்குத்தான் ஒங்களப் புடிச்சாவ. எனக்கும் ராத்திரியெல்லாம் உப்புசந்தான். சொன்னா, கூடுதலா ஜெபம் பண்ணுன்னாவ."

என் வாழ்வில் இவ்வளவு மனம் குளிரும் பேச்சைக் கேட்டதில்லை.

ஞானதுரை வத்தலோடு திரும்பினார். ஞானசெல்வி அவரிடம், "இனி நானும் கடிக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

மார்ச் 28, சனி

இரண்டு முதலாளிகளும் எங்கள் மண்டியில் கூடினார்கள். நாங்கள் சொல்வது வியாபாரத்தின் மேலேயே அபாண்டம் என்பது அவர்கள் கட்சி. பச்சைப் பருப்பால் ஒன்றும் ஆகாது என்பதைத் தாங்களே மென்று நிரூபிப்பதாகச் சபதம். மாமா ஒரு பிடி அள்ளினார். சம்பந்திக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்று ஞானதுரை இரண்டு பிடி அள்ளினார். துப்பவில்லை, மரியாதை தெரிந்தவர்கள்.

"இனி நாங்களே பாத்துக்குவோம். ஒன் நாக்கு யாருக்குலே வேணும்?" என்றார் மாமா.

நாக்கு வேண்டாமென்றால் பாக்கி வயிறு மட்டும்தானே? அதுவும் மெல்லாமல் விட்ட இந்தப் பன்னிரண்டு நாளில் அடங்கிவிட்டது. எண்ணூர்ப் பையனின் பெயரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. 

ரஷீது தராசைப் பிடித்தபடி, "ரெண்டு கெழமும் போட்டி போட்டுகினு துன்னுது, பேஜாரு" என்றான்.

மே 21, வியாழன்

கல்யாணம். அவள் "சம்மதம்" என்று சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது. வேறெந்தச் சத்தமும் இல்லை. 

விருந்தில் பருப்பு நன்றாக வெந்திருந்தது.

ஜூலை 12, ஞாயிறு

கோயிலில் மௌன ஜெபம். ஞானசெல்வி பக்கத்தில். எனக்கும் அவளுக்கும் வயிறு இருக்கும் இடமே தெரியவில்லை.

முன் பெஞ்சில் மாமாவும் மாமனாரும். தலை குனிந்த கொஞ்ச நேரத்தில் தாழ்ந்த சுருதியில் தொடங்கி, நடுவில் ஒரு திருகல், பெட்டி கோக்கும் சத்தம். உடனே அதன் பக்கத்திலிருந்தே இன்னொன்று.

மாமா கண்ணைத் திறக்காமலே பின்பக்கம் திரும்பி, "ஏலே தேவப்பிரியம், வெளிய போய்ட்டு வாலே" என்றார்.

போய்விட்டு வந்தேன். நல்ல காற்று.