பாதிப் பாலத்திலிருந்து பிள்ளைகளை மீட்க விளையாட்டுக் கூடத்தைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
‘தையல்கடை அக்கா’ என்று தெருவே கூப்பிடும்,
பதினொன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
பாலத்தடித் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூட்டிக் கிடக்கும் விளையாட்டுக் கூடத்தை மாலை நேரத்தில் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதிப் பழக்கமில்லாதவள் நான். வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்தருள வேண்டும். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

1. எங்கள் தெரு முனையில் தொடங்கும் மேம்பாலம், வேலை நின்றுபோய் அந்தரத்தில் முடிவது தாங்கள் அறிந்ததே. அதன்மேல் எங்கள் பிள்ளைகள் மாலைதோறும் பைக் பந்தயம் விடுகிறார்கள். முறுக்கிக்கொண்டு போய், விளிம்புக்கு மிகக் கிட்டத்தில் பிரேக் பிடிப்பவர் ஜெயித்தவர். ‘தொட்டும் தொடாமலும்’ என்று இந்தக் கண்றாவிக்குப் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

2. போன மாதம் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனின் மகன் ஓட்டிய வண்டி கீழே போயிற்று. பாலத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் அவன் உயிர் பிழைத்தான். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகனோ கட்டுப் போட்ட கையோடு மறுவாரமே வேடிக்கை பார்க்கப் போய்விட்டான்.

3. இதே பிள்ளைகள் முன்பு தெருவிலுள்ள விளையாட்டுக் கூடத்தில் டேபிள் டென்னிஸும் கேரமும் ஆடிக்கொண்டிருந்தவர்கள். “பொண்ணும் பையனும் ஒண்ணா சிரிச்சுக்கிட்டு இருந்தா நாளைக்கு ஏதாவது ஆயிடும்” என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்ல, சங்கத்தின் வேண்டுகோளின்படி தங்கள் அலுவலகம் அதைப் பூட்டியது. இப்போது அதற்குள் பழுதான தெருவிளக்குகள் கிடக்கின்றன. சிரிப்புச் சத்தம் நின்றதென்னவோ உண்மை.

4. நடவடிக்கை எடுக்கவில்லை என்று நான் குறை கூறவில்லை. தங்கள் ஊழியர்கள் மணல் நிரப்பிய டிரம்களைக் குறுக்கே வைத்தார்கள். பிள்ளைகள் அவற்றை ஓரமாக நகர்த்தி, பார்வையாளர்கள் உட்காரும் இடமாக்கிவிட்டார்கள். அப்பாமார்கள் விசிலோடு காவலுக்குப் போனார்கள். அவர்கள் விசில் ஊதியதும் பந்தயம் ஆரம்பமாகிவிட்டது! போலீஸார் வண்டிகளைப் பிடுங்கினால் மறுநாள் இரவல் வண்டி வருகிறது. விரட்ட விரட்ட இன்னும் இருட்டில்தான் போய் ஆடுகிறார்கள்.

5. ஆகவே கூடத்தைத் திறந்துவிடுங்கள். திறந்த அன்றே எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோர்கள் முறை வைத்து அங்கே உட்காரத் தயார். “வந்து உக்காருங்க, ஆனா போலீஸ் மாதிரி விசாரிக்காதீங்க” என்று பிள்ளைகளும் நிபந்தனை போட்டிருக்கிறார்கள், அதற்கும் சம்மதித்துவிட்டோம். மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவந்து, பிரித்து மாட்டக் கற்றுக்கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார். செயலாளரும் இப்போது எதிர்ப்புச் சொல்லவில்லை. அவர் மகனும் பாலத்தில்தான் இருக்கிறான்.

6. என் மகள் பைக் ஓட்டுவதில்லை. விளிம்பிலேயே நின்று, யாருடைய சக்கரம் கிட்டே வந்தது என்று தீர்ப்புச் சொல்பவள் அவள்தான். நேற்று வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டை ஒன்றை வாங்கிவந்து, சட்டையில் வைத்துத் தைக்கச் சொன்னாள். “இருட்டிட்டா நான் நிக்கிறது அவங்களுக்குத் தெரியலம்மா” என்றாள். திட்டினேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் தைத்துக் கொடுத்துவிட்டேன், ஐயா. தைக்காவிட்டாலும் போய் நிற்பாள். முன்னும் பின்னும் பட்டை வைத்து, பிரிந்துவிடாதபடி இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது இப்படி ஒரு சட்டை தைப்பாளா?

கூடத்தின் சாவி தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. இன்று மாலை அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள் அதைக் கொடுக்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் ஓடி வருவேன்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை, மதியம்

சாவிக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்கடை அக்கா