அந்தோணிக்குக் காட்டிய ஃபைனல்

மே 23, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கிரவுண்டுக்குப் பயிற்சிக்கு ஆறு பெண்கள்தான் வந்தார்கள். பந்துக்குக் காற்று அடிக்கணும். கோல் வலை தைக்கணும்.

கோல்கீப்பர் ரீட்டாவின் விளையாட்டு விடுதியில் சேர்கிற ஃபாரம் இன்னும் என் பையிலேயே. திங்கள் கடைசி நாள். அவள் அப்பா அந்தோணி, கரும்பு லாரி டிரைவர், மூன்று வாரமாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பு. இன்றும் போனேன்.

"பொட்டப் புள்ளைங்க பந்து அடிக்கிறத எவன் டீச்சர் வந்து பாப்பான்?"

நாளைக்கு ஐரோப்பாவில் பெண்கள் கால்பந்து கிளப் ஃபைனல், மாதா கோயில் ஹாலில் ஸ்கிரீனில் போடுகிறோம், வந்து ஸ்டேடியத்துக் கூட்டத்தைப் பாருங்கள் என்றேன்.

"ஜனம் ரொம்பியிருந்தா கையெழுத்து போட்றேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 24, சனி

ராத்திரி ஒன்பதரைக்கு ஹாலைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கியது நான். ஏழரைக்கே கிரிக்கெட் கும்பல் உள்ளே. நாற்காலி மேல் கால். தரையெல்லாம் கோழி எலும்பு. "ரெண்டே ஓவர் டீச்சர்." முக்கால் மணி நேரம்! முதல் பாதி போச்சு.

எதிர்வீட்டில் மே மாத ஜெபமாலை முடித்த பெண்கள் சுண்டலோடு வந்து பின்னால் தரையில். அந்தோணியும் வந்து ஆண்கள் நடுவில்; ரீட்டாவின் அம்மா லூர்து என் பக்கத்தில். ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, சுண்டல் கையிலேயே.

ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. எனக்குச் சிலிர்ப்பு. அப்போது முன்வரிசையில் உட்கார்ந்தே இருந்த கிரிக்கெட் கும்பலில் ஒருவன்: "ஏழாம் நம்பரு தொடையப் பார்றா மச்சான்." சிரிப்பு. அதில் இரண்டு பேர் பூசையில் பாடுகிறவர்கள். த்தூ.

அந்தோணி சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். யார் ஜெயித்தார்கள் என்றே என் மண்டையில் ஏறவில்லை.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்ததும் வாசலில் பிடித்தேன். "ஜனம் இருந்துச்சில்ல?"

"இருந்துது. அதான் வேணான்றேன். அவனுங்க பேசுனது காதுல வுழலியா? நாளைக்கி எம் பொண்ணயும் அப்டித்தான் பேசுவானுங்கோ."

"பேசுனவன நாலு அறை வுடாம, பொண்ண வூட்ல பூட்டுவீங்களா?"

 அந்தப் பயல்களோடேயே டீக்கடைக்குப் போனார்.  கூட்டத்தைக் காட்டப் போய் நானே கெடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம். 

மே 26, திங்கள்

தூறல். துணி உள்ளே. காலை ஏழு மணிக்கு லூர்து வந்தாள். நடவுக்குப் போகிற கோலம், கையில் தூக்குச் சட்டி.

"ஃபாரத்த குடு டீச்சர்."

"அவரு போடமாட்டன்ட்டாரே."

"அவரயே கேட்டுனு இருந்தியே, என்ன ஒரு வாட்டி கேட்டியா? பெத்தவங்க கையெழுத்துன்னுதான போட்டிருக்குது. நான் பெக்கலியா?"

மூன்று வாரம். அந்த வீட்டு வாசலில் எத்தனை தடவை இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பேன். குடித்துவிட்டு, "அவர் எப்போ வருவார்?"

அப்படிக் கேட்டதும் முன்வரிசைப் பயல்களைக் காறித் துப்பிய இதே வாய்தான்.

பேனாவைக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.