சாவித்துவாரத்தில் காகிதம்

புதன், ஜூலை 12

மூன்று வாரமாக என் வீட்டுக்காரர் ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்து வந்தார். ஊட்டிக் காற்றுக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதானே என்று நானும் கிழித்துக் கொடுத்தேன். இன்று நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, சாவித்துவாரத்தையும் அடைத்தார்.

"ஏனுங்க, அதுல கூடவா குளுரு வருது?"

"மெல்லப் பேசு. பக்கத்து ஊட்டுக்காரங்க நாம பேசறத எழுதி வெக்கறாங்க."

பக்கத்து வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

நான் செவிலி. ஊட்டியில் காந்தல் பகுதியில் வீடு வீடாகப் போய், யாராவது தூங்காமல் இருக்கிறார்களா, காரணமில்லாமல் சந்தேகப்படுகிறார்களா, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதுகிறவள்.

நாளை இவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பார். மூன்று வாரம் என்பேன். காகிதம் கிழித்துக் கொடுத்தது யாரென்று அவர் கேட்கமாட்டார்.