ஐந்தாவது குச்சி

5-12-65, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஓவர்சியர் குடும்பம் இன்று கடற்கரைக்குப் போவதாக ஒரு வாரமாகப் பேச்சு. நீங்களும் வரணும் மாமா என்று சின்னவள் சொல்லியிருந்தாள். மில்லிலிருந்து வந்ததும் தினமும் எனக்கு அதே வேலைதான். தார்ப்பாய், கயிறு, தண்ணீருக்கு டின், மணல் பூச்சிக்குத் தேங்காயெண்ணெய். காட்டு வழியில் அட்டை ஏறினால் ஒற்றி எடுக்க, துணியில் உப்பு முடிந்து ஐந்து குச்சிகளில் கட்டினேன். அவர்கள் நாலு பேர். ஐந்தாவது எனக்கு.

காலையில் ஜீப்பில் எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். உள்ளே ஓவர்சியரின் மைத்துனர் குடும்பமும் இருந்தது.

"ஜீப்புல ஒக்கார ஜகா இல்லண்ணே. மோத்திய மட்டும் அனுப்புங்க, இல்லாட்டி புள்ளைங்க அழும்" என்றார் ஓவர்சியர்.

என் நாயை நானே தூக்கி உள்ளே விட்டேன். என் குச்சியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். எனக்கும் வேலை இருக்கிறது என்று வேறு சொன்னேன். என்ன வேலை? துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தேன்.

சாயங்காலம் சின்னவள் நாயைக் கொண்டுவந்து விட்டாள். முகம் சரியில்லை.

"மோத்தி தண்ணில எறங்கவே இல்ல மாமா. சோறும் திங்கல. ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளை அழாத குறையாக நிற்கிறாள், எனக்குச் சந்தோஷம். அவள் போன பிறகுதான் வெட்கம் வந்தது.

மோத்தி கட்டிலுக்கடியில் தூங்குகிறது. ஐந்தாவது குச்சி ஜன்னலில் கிடக்கிறது, உப்பு கசிந்து சுவரில் இறங்கியிருக்கிறது. அடுத்த தடவையாவது அவளுக்காக மோத்தி தண்ணீரில் இறங்கட்டும் என்று நினைக்கப் பார்க்கிறேன். மனசு வரவில்லை.