புகைஞ்சுகொண்டிருந்த மணிக்கூடு

நவம்பர் 3, திங்கள்

மழையும் பனியும் கலந்து. நேற்று குளிர்காலத்துக்கெண்டு ஊர் முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியாச்சு, எங்கட மைக்ரோவேவில மட்டும் பழைய நேரம். பஸ் பிந்தி.

மியூசியத்தில சீன மணிக்கூட்டுக் கண்காட்சி. விளக்க அட்டை எழுதுறது நான். கொன்ட்ராக்ட் வேலைதான். இண்டைக்கு முடிச்சது: தண்ணியில ஓடின கோபுர மணிக்கூடு. படையெடுத்து வந்தவங்கள் கழட்டிக்கொண்டு போனது. பிறகு ஒழுங்கா ஓடவேயில்லை. மிச்சம், ஊதுவத்தி மணிக்கூடு.

பால். கறிவேப்பிலை. மகள் துளசிக்குப் பூட்ஸ்.

நவம்பர் 5, புதன்

ஊதுவத்தி மணிக்கூட்டை மியூசியத்துக்குத் தந்த கிழவி வந்தா, மிஸிஸ் பி. டிராகன் மாதிரி நீட்டுத் தட்டு. வத்திக்குக் குறுக்கால நூல், நூலில பித்தளைக் குண்டு. நூல் எரிய குண்டு தாம்பாளத்தில விழும், டங். என்ன வடிவு!

எப்பிடிக் கிடைச்சது எண்டு கேட்டன். பிஸ்கற்றைத் தேத்தண்ணியில தோய்ச்சபடி:

"அப்பாவின்ர பாட்டன் பீக்கிங்கைப் பிடிக்கப் போன பட்டாளத்தில. ஒரு வீட்டுக்குள்ள பூந்தவையாம். சனம் ஓடிட்டுது. மேசையில இது இன்னும் புகைஞ்சுகொண்டிருந்ததாம்." சிரிச்சா.

சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க ஊரில எங்கட வீட்டுச் சுவரில மணிக்கூடு இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்தது. அவவுக்குச் சொல்லேல்லை.

நவம்பர் 7, வெள்ளி

'பீக்கிங்கில் ஒரு வீட்டிலிருந்து படையாள் ஒருவர் கொள்ளையடித்தது' எண்டு எழுதினன். மனேச்சர் மார்க் அழிச்சுப்போட்டு 'பீக்கிங்கில் பெறப்பட்டது'.

"அவ இன்னும் சாமான் தரப்போறா, சாந்தி."

"அப்ப அட்டையில இருந்து என்ர பெயரை எடுங்கோ."

"பெயர் உங்களுக்கு மரியாதைக்குத்தானே போடுறம்."

மரியாதை!

வீட்டில இவர்: "உவங்களோட ஏன் கொழுவுறீர்? முதல்ல பெர்மனன்ட் ஆக்கட்டும்."

துளசி: "லைக், நீங்க சொல்லாட்டி ஆர் சொல்லுறது அம்மா?"



நவம்பர் 10, திங்கள்

அட்டை அச்சாகி வந்திட்டுது, 'பெறப்பட்டது' எண்டுதான். கீழ என்ர பெயர், வடிவான எழுத்தில. நானே கொண்டுபோய் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில வைச்சன். தலையிடி.

நவம்பர் 13, வியாழன்

திறப்பு விழா. வைன், சீஸ். மிஸிஸ் பி.க்குப் பூங்கொத்து. எனக்கு இரவல் சீலை, குத்தின ஊசி கழண்டபடி.

வயசான சீனத்து மனிசன் ஒருத்தர், மனுசியோட. கண்ணாடியைப் போட்டு அட்டையை வாசிச்சார். திரும்ப வாசிச்சார். என்ர கழுத்தில தொங்கின பெயரைப் பார்த்தார்.

"நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"ஆரிட்ட இருந்து பெற்றது?"

மார்க் பக்கத்தில.

"தெரியாது," எண்டன்.

தலையை ஆட்டினார். மனுசிக்குச் சீனத்தில என்னவோ சொன்னார். ரெண்டு பேரும் மற்ற ஒண்டையும் பார்க்காமல் வெளிய போட்டினம்.

பெர்மனன்ட் ஆக்கப்போகினமாம், மார்க் சொன்னவன். வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். நல்ல சந்தோசம் அவருக்கு. துளசிக்குச் சொல்லேல்லை.