வாய்க்காலை மூடச் சொல்லும் தாளில் உங்கள் கையெழுத்து

என் அப்பாவுக்கு, ஊரில் வாய் திறக்காத உங்கள் சின்னமகள் எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் கையெழுத்தின் வால்தான். பிரதேச சபைக் கந்தோர் வாசல் பலகையில் நாலைந்து தாள்களை ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது தாளில் ‘யோகராசா’ என்ற பேருக்கு நேரே, கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி, முழுப் பேருக்கும் அடிக்கோடு போட்டுக்கொண்டு போகிற அந்த வால். நீங்கள் போடுவதைப் போலவே இருந்தது. பக்கத்தில் நின்ற, அடுத்த வீட்டு நசீரா மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது யோகர் அண்ணன்ட கையெழுத்தெல்லோ?” என்றார். நான் நாலாவது தாளைப் பார்க்கத் தொடங்கினேன். நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது.

இங்கே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பதினைந்து வீட்டு ஒழுங்கைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த தென்னங்காணி விலைப்பட்டுவிட்டது. ஒரு கம்பனி அதில் நாற்பது வீடு கட்டப் போகிறது. வீடுகள் வருவதில் யாருக்கும் கோபம் இல்லை. மாமியின் மருமகனே ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். கோபமெல்லாம் வீடுகளை அடுக்கிய விதத்தில்தான்.

ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்க முன்னம், நீங்களும் ஒழுங்கைக்காரரும் மண்வெட்டியோடு போய் வெட்டித் துப்புரவாக்குகிற வாய்க்கால் அந்தக் காணிக்குள்ளால்தானே கடலுக்குப் போகிறது? வரைபடத்தில் அது இல்லை. அது போகிற இடத்தில் பதினேழாம் வீடும் பதினெட்டாம் வீடும் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால், எங்கள் பக்கமாக, நீளத்துக்கு ஒரு மதில். மேல் வீதித் தண்ணீர் முழுவதும் ஒழுங்கையால் இறங்கி வந்து அந்த மதிலில் முட்டும். பிறகு அது எங்கே போகும்? முதலில் மாமியின் வீட்டுக்குள். அதுதான் பள்ளம். அடுத்தது எங்கள் வீடு.

இதை நான் முதல் நாளே கண்டுவிட்டேன், அப்பா.

வைகாசியில் பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்மாவுக்குக் கால் வீக்கம் என்பதால் என்னை அனுப்பினார். சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. பச்சையில் பூங்கா, சாம்பலில் வீதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கடைக்குப் போனதிலிருந்து எந்தப் பெரிய தாளைக் கண்டாலும் அதில் கோடு எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையின் நுனியில் விரலை வைத்துக் கடல் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். விரல் இரண்டு பெட்டிகளுக்கு மேலால் போனது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கையை எடுத்துவிட்டுக் கதிரையில் வந்து இருந்துவிட்டேன்.

ரோல்ஸும் சோடாவும் தந்தார்கள். பிறகு, கம்பனியில் புதிதாகச் சேர்ந்த நிரோஷா அக்கா பேர் இடாப்பைப் பார்த்து வீட்டுக்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவர் கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்கள் கடையில்தான் சட்டை தைப்பிப்பார். இடாப்பில் எங்கள் வீட்டுக்குத் தலைவர் இன்னும் நீங்கள்தான். மின்சார பில்லிலும் நீங்கள்தான். அம்மா எதையும் மாற்றவில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்குத் தலைவர்கள் செத்தவர்கள்தான். மற்றவர்கள் போய்ச் சொல்லிவிட்டுத் தங்கள் பேரை எழுதினார்கள்.

“யோகராசா!” என்றார். நான் எழும்பினேன். “யோகராசா ஆர்? வரேல்லையோ?” மண்டபமே திரும்பிப் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது; உண்மையில் ஒழுங்கைக்காரர் எல்லோரும் ரோல்ஸ் மேசையைச் சுற்றி நின்றார்கள். ‘அவர் செத்துப்போனார்.’ இரண்டே சொல். அதைச் சொல்லாமல், நேரே போய், நிரோஷா அக்கா தலை நிமிராமல் நீட்டிய பேனையை வாங்கினேன்.

தாளின் தலைப்பில் ‘வரைபடத்தைப் பார்வையிட்டு இணக்கம் தெரிவித்தோர்’ என்று இருந்தது. வரவு இடாப்பு என்று நினைத்து எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள். நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, எனக்குப் பின்னால் தெரியாத ஆட்கள் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில், உங்கள் பேரை உங்கள் கையால் வைத்தேன். நீங்கள் இறங்குதுறையில் படகுகளுக்கு வண்ணம் அடிக்கப் போய்விட்டு நாட்கணக்கில் வராதபோது, என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் “நீயே வை, நான் பாத்த மாதிரித்தான்” என்று சொல்லிப் பழக்கிய கை அது. எதைப் பார்த்த மாதிரி வைத்தேன், அப்பா? நீங்கள் வெட்டிய வாய்க்காலை மூடுவதற்கு நீங்களே சம்மதித்த மாதிரியல்லவா?

பலகையில் தாளைக் கண்ட அன்று பின்னேரம் ஒழுங்கைக்காரர் எல்லோரும் மாமியின் முற்றத்தில் கூடினார்கள். ஆட்டோ ஓடுகிற ரத்தினம் அண்ணைதான் இப்போது ஒழுங்கைச் சங்கத்தின் செயலாளர். அவர் கையைத் தட்டினார்.

“பாத்தியளே! யோகர் மேல இருந்து இறங்கி வந்து, ரோல்ஸும் திண்டு, சைனும் வைச்சிட்டுப் போயிருக்கிறார்!”

“உயிரோட இருக்கக்குள்ள ஒரு கூட்டத்துக்கும் வராத மனிசன்” என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்பதென்றால் அந்தச் சிரிப்புக்குத்தான் முதலில் கேட்க வேண்டும்.

“சிரிக்காதேங்கோ. இது கள்ளக் கையெழுத்து” என்றார் அண்ணை. “அந்தக் கப்பல்துறைப் பிள்ளைதான் வைச்சிருக்கும். இது ஒண்டு காணும், முழு இடாப்பையும் தூக்கி எறியலாம்.”

அன்றே கந்தோருக்குக் கடிதம் எழுதினார்கள். இரண்டு பக்கம் முழுவதும் கள்ளக் கையெழுத்தைப் பற்றி. தண்ணீரைப் பற்றி ஒரு வரி.

குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். “அது உன்ர கைதானே?”

“ஓம்.”

அடுத்த பாதித் தேங்காயை எடுத்தார். “வாயை மூடிக்கொண்டிரு. இவ்வளவு நாளும் மூடிக்கொண்டுதானே இருந்தனி. வாய்க்கால் தப்பட்டும்.”

அம்மா சொன்னது பிழையா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொய்யால் பதினைந்து வீடு தப்பியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து நிரோஷா அக்கா கடைக்கு வந்தார். வேலை நாள், காலை பத்து மணி. தைக்கத் தந்த துணியைக் கேட்டார்.

“தைக்காட்டி அப்பிடியே தாங்கோ தங்கச்சி. இப்ப எனக்குக் கந்தோர்ச் சட்டை தேவையில்ல. விசாரிச்சு முடியும்வரைக்கும் வரவேண்டாமெண்டிட்டினம். நான் ஒரு எழுத்தும் எழுதேல்ல. பேரைக் கூப்பிட்டனான், அவ்வளவுதான்.”

நான் துணியை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தேன். அதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் வெட்டிய துண்டுகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் பேனை வாங்கியது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மண்டபத்தில் என் முகத்தை நான் யாருக்குக் காட்டினேன்?

அடுத்த நாள் விடிய ரத்தினம் அண்ணையிடம் போனேன். ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூட மறந்துபோய் நின்றார். தண்ணீர் அவருடைய காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஏன் பிள்ளை இப்ப சொல்லுறாய்? ஒண்டில் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். இல்லாட்டி ஒருநாளும் சொல்லியிருக்கக் கூடாது. இனி அவங்கள் இந்தச் சனமே பொய்ச் சனமெண்டு சொல்லுவாங்கள்.”

“அண்ணை, பதினேழும் பதினெட்டும் வாய்க்காலுக்கு மேல நிக்குது. அந்த ரெண்டையும் பூங்காப் பக்கம் தள்ளினா வாய்க்காலுக்கு இடம் வரும். பூங்காவில இடம் கிடக்கு.”

“இதை ஆர் கண்டது?”

“நான். வைகாசியில.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் புதிய தாள் கொண்டுவந்தார். வரைபடப் பிரதியில் வாய்க்கால் போகிற பாதையை நான் கீறிக் கொடுத்தேன். இரண்டாவது கடிதம் முழுவதும் தண்ணீரைப் பற்றியது. சிலர் அதில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்கள். மாமி வைத்தார். வைத்துவிட்டு, “ஒரு சொல்லு எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி” என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அம்மாவும் கதைப்பதில்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போகிறார். வாய்க்கால் தப்புமா, நிரோஷா அக்காவைத் திருப்பி எடுப்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. நல்ல செய்தியோடு உங்களுக்கு எழுத நினைத்தேன். இதுதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், அப்பா. இனி உங்கள் பேரில் எதிலும் கை வைக்கமாட்டேன். ஆட்சேபம் கேட்கக் கூப்பிடும் நாளில், அண்ணையின் பின்னால் ஒளியாமல், அந்த இரண்டு பெட்டிகளையும் நானே தொட்டுக் காட்டுவேன்.

ஆட்சேபம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே கந்தோருக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஐயாவிடம் பலகையில் உள்ள பேரைச் சொல்லி, அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கதைக்க வந்ததாகச் சொன்னேன்.

“என்ன? கேக்கேல்ல. பலமாச் சொல்லும் பிள்ளை.”

“யோகராசா என்ர அப்பா. அவர் செத்துப்போனார். அதை வைச்சது நான்.”

அவர் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளிவிட்டு, சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். வரிசையை விட்டு விலகாமல், அங்கேயே நின்று எழுதினேன்.

உங்கள் மகள்,
யோகராசா வினோதினி