ஒரு வருடம் கைபடாத நிலம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மலை தெரியவில்லை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

வேலை: வரைபடம் அச்சடிக்க. மண் முடிவு வாங்க விருதுநகர். செருப்பு தைக்க (இன்றும் மறந்தாயிற்று).

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் குழு வருகிறது. அவர்கள் வாங்கியிருக்கும் இந்தப் பழைய நூற்பாலை வளாகம் முழுவதையும் என் திட்டப்படி மண்ணாகவே தேற விடுவதா, புல்தரையும் சிமெண்ட் கல்லும் போட்டு மூடுவதா என்று அன்றைக்கு முடிவு. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி, சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கால் ஏக்கர். கான்கிரீட்டை உடைத்து, கண்மாய் வண்டல் கொட்டி, விதை தூவிவிட்டு ஒரு வருடம் கை வைக்கவில்லை. இன்று அங்கே: கொளுஞ்சி, ஆவாரை, சணப்பு. தானாக வந்தவை துத்தி, தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி, இரண்டு வேம்பு. கிளறினால் மண்புழு. போன வருடம் எறும்புகூட இல்லை.

இன்று வாய் திறந்து பேசியது: டீக்கடையில் "சர்க்கரை கம்மி". வீட்டுக்கார அம்மாவிடம் "தண்ணி வந்துச்சா". அப்புறம் ஹவில்தார். வளாகக் காவலர்களுக்கு மேற்பார்வை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு, சோழபுரத்திலிருந்து பைக்கில் வருகிறார். நான்கு மணிக்கு பிளாஸ்க் டீயை மூடியில் ஊற்றி எனக்குத் தருவார். மூட்டுவலி, லடாக் குளிர், வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்த மகள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் மதியத்தை ஓட்டுகிறேன். யாரிடமும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். ஸ்ரீவில்லிபுத்தூரில் வரைபடம் அச்சாயிற்று. பால்கோவா அரைக் கிலோ வாங்கிவிட்டேன், பழக்கதோஷம். பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன், கொடுக்க ஆளில்லை. திருச்சியில் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

முழுசும் ஹவில்தாருக்கு.

"எனக்குச் சுகரும்மா. பேத்திக்குக் கொண்டுபோறேன். வெள்ளிக்கிழமை பெரியவிய வாராகளாம்லா?"

"ஆமா அண்ணாச்சி. அன்னைக்குத்தான் என் தலையெழுத்து தெரியும்."

"நீங்க எதுக்கும் வெசனப்படாதிய. நம்ம ஏரியாவுல ஒரு கொறையும் வராது. நான் பாத்துக்கிடுதேன்."

நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் என் பக்கம் நிற்கிறார். அறைக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 5, புதன்

நாள் முழுக்க விருதுநகர். மண் முடிவு நன்றாக வந்திருக்கிறது. சொல்ல ஆளில்லாமல் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்று ஜன்னலைச் சாத்தினார். சாரல் அடித்தது, அதனால்தான்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் சாயப்பட்டறைக்குப் பின்னால் போனேன்.

நிலம் மொட்டை. எல்லாம் வேரோடு. கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறது. சுற்றிலும் செங்கல்லைச் சாய்த்துப் பதித்து, ஒன்றுக்கு வெள்ளை, அடுத்ததற்குக் காவி. விட்டுவைத்தது வேப்பங்கன்று இரண்டை மட்டும். விரல் தடிமன்தான். அதற்கும் சுண்ணாம்பு, மேலே ஒரு காவிப் பட்டை.

ஹவில்தாரும் நான்கு காவலர்களும் நேற்று செய்த வேலை. தொப்பியைச் சரிசெய்து விறைப்பாக நின்றார்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு எல்லாம் ரெடிம்மா."

கத்தினேன். மூளை இருக்கா என்றேன். வயசுதான் ஆச்சு, அறிவு வரலையா என்றேன். காவலர்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"காடு மாதிரி மண்டிக் கெடந்துச்சும்மா. அவிய வந்து ஒங்கள ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதேன்னுதான்... பட்டாளத்துல பெரிய ஆபீசர் வாராருன்னா மொத வேலையே இதான்."

ஒரு வருடம் அவருடைய மூட்டுவலியைக் கேட்டேன், மகள் கல்யாணத்தைக் கேட்டேன். அந்தச் செடியெல்லாம் வேண்டும் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறேன். அதுதான் உண்மை.

நான்கு மணிக்கு டீ வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். குழு வந்தது. பழைய படங்கள், மண் முடிவு எல்லாம் காட்டினேன். "அதெல்லாம் சரி, செடி எங்கே?" என்றார் குழுத் தலைவர். நான் வாயெடுப்பதற்குள் ஹவில்தார் முன்னால் வந்து சல்யூட் அடித்தார்.

"மேடம் மேல தப்பு இல்லைங்கய்யா. அவிய ஊர்ல இல்லாதப்போ களைன்னு நெனச்சு நாந்தான் வெட்டுனேன்."

தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இன்னொரு வருடம் தருகிறார்களாம். அதுவரை கல் கிடையாது. ஆனால் இந்த ஆள் இனி இங்கே வேண்டாம் என்று ஒருவர் அங்கேயே காவல் ஏஜென்சிக்குப் போன் போட்டார்.

நான் பேசவில்லை. பேச வந்தது. கைக்கு வந்த வருடம் போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

விசிலையும் டார்ச்சையும் மேசையில் வைத்தார். "வாரேம்மா" என்றார். பைக் சத்தம் தார்ரோடு வரைக்கும் கேட்டது.

நவம்பர் 8, சனி

ஒருவழியாக மழை. புதுக் காவலர், "குட்மார்னிங் மேடம்" தவிர ஒன்றுமில்லை.

மதியம் ஏஜென்சி அலுவலகத்துக்குப் போனேன். அவர் போன் நம்பர், இல்லையென்றால் சோழபுரம் வீட்டு விலாசம். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேசையில் இருந்த பெண் பதிவேட்டைத் திறந்தாள். ஹவில்தார் என்றேன், சோழபுரம் என்றேன்.

"அந்தப் பக்கத்து ஆளுக முக்காவாசி ஹவில்தார்தான் மேடம். இவரு பேரு என்ன?"

சட்டையில் பெயர்ப்பட்டை இருந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து.

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.